மிதித்தால் ஊமையாகும் பெடல்: கேள்வி – பதில்

கேள்வி: டிஎல்072 ஐசி வைத்து வெரோபோர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை), கிட்டார் சத்தத்தை உறுமவைக்கும் ஓவர்டிரைவ் பெடல் கட்டினேன். மிதிக்காதபோது கிட்டார் சத்தம் சுத்தமாக வருகிறது. மிதித்தால் விளக்கு எரிகிறது, ஆனால் சத்தம் அறவே இல்லை. ஐசியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன். — வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: மூன்றாவது ஐசிக்குக் காசு செலவழிக்காதீர்கள். கையால் கட்டிய பெடலில் ஐசி கெடுவது அபூர்வம். சாலிடரும் வயரும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள்.

மிதிக்காதபோது சத்தம் வருகிறது என்றால் இரண்டு ஜாக்கும் சரி. விளக்கு எரிவதால் 9 வோல்ட் சுவிட்ச் வரை வந்திருக்கிறது. போர்டுக்குப் போயிருக்கிறதா என்பது வேறு கேள்வி. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்புக் கம்பியை ஜாக்கின் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, சிவப்பால் ஐசியின் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதி வையுங்கள். 8-ஆம் காலில் 9 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 4-ஆம் காலில் பூஜ்யம். மற்ற ஆறிலும் ஏறக்குறைய 4.5. சத்தம் உள்ளே நுழையும் 3-ஆம் கால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்னழுத்தம் வாங்கினால் 4.1 காட்டும், அது மீட்டரே கொஞ்சம் இழுத்துக்கொள்வதால், பழுதல்ல.

1-ஆம் காலிலும் 9 வோல்ட் நின்றால், ஐசிக்கு அடியில் செம்புப் பட்டையை வெட்ட மறந்திருக்கிறீர்கள். வெரோபோர்டில் வெட்டாவிட்டால் 1-உம் 8-உம், 2-உம் 7-உம், 3-உம் 6-உம், 4-உம் 5-உம் ஒன்றாகிவிடும். வெட்டிய இடத்தில் மயிரிழைச் செம்பு மிஞ்சியிருந்தாலும் அதே கதிதான். பேனாக்கத்தியால் பட்டைகளின் இடுக்கெல்லாம் கீறிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் சோதனையில் வைத்துப் பாருங்கள்.

4.5 வர வேண்டிய இடங்களிலெல்லாம் 0.1 வோல்ட்தான் என்றால், மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். 10 கிலோவுக்குப் பழுப்பு–கருப்பு–ஆரஞ்சு, 100 ஓமுக்குப் பழுப்பு–கருப்பு–பழுப்பு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஆரஞ்சும் பழுப்பும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். கீழே உள்ளது 100 ஓமாகிவிட்டால் சரியாக 0.09 வோல்ட் கிடைக்கும். பக்கத்து 47 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் தலைகீழாக இருந்தாலும் அந்த மின்னழுத்தம் இறங்கிவிடும்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் ஊமை என்றால், சத்தத்தைப் பின்தொடர்ந்து போக வேண்டும். பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். சுற்றுவலையைப் பெடலின் கிரவுண்டில் கிளிப் போடுங்கள். மறுமுனை ஆம்ப்பில், வால்யூம் கீழே. யாராவது கிட்டார் தந்தியைத் தட்டிக்கொண்டிருக்க, கெப்பாசிட்டர் நுனியால் உள்ளே நுழையும் ஜாக்கிலிருந்து 3-ஆம் கால், 1-ஆம் கால் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் சத்தம் மறைகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இருக்கிறது கோளாறு. இது 9 வோல்ட் பெடலுக்கு மட்டும். வால்வு ஆம்ப்பின் வயிற்றில் சில நூறு வோல்ட் இருக்கும், அங்கே இந்தக் கம்பியோடு போகாதீர்கள்.

மேசைமேல் வேலை செய்து, பெட்டிக்குள் வைத்தவுடன் ஊமையாகிறதென்றால் இவ்வளவும் தேவையில்லை. வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) முதுகு போர்டின் அடிப்பக்கத்தை உரசுகிறது. நடுவில் தடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள்.

கேள்வி: சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்து ஃபஸ் ஃபேஸ் பெடல் கட்டினேன். வரைபடத்தில் பிசி549. கடையில் கிடைத்தது 2என்3904. அதே துளைகளில் அதே பக்கம் பார்த்து வைத்தேன். முனகுகிறதே தவிர உறுமவில்லை. — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இரண்டு டிரான்சிஸ்டரையும் 180 பாகை திருப்பி வையுங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி549-இல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸ் இரண்டிலும் நடுவில் இருப்பதுதான் ஏமாற்று வேலை: தலைகீழாக வைத்தாலும் டிரான்சிஸ்டர் சாகாது, ஓரளவு வேலையும் செய்யும். பெருக்கம் மட்டும் மிகவும் சுருங்கிவிடும்.

திருப்பிய பிறகு இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை அளந்து பாருங்கள். 4.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 8-க்கு மேல் அல்லது 2-க்குக் கீழ் என்றால், அங்குள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 20 கிலோ டிரிம்மர் (திருப்பி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, காதால் கேட்டுக்கொண்டே திருப்புங்கள். சிலருக்கு 5.5-இல்தான் பிடிக்கும், அது ருசி.

ஒன்று சொல்லி வைக்கிறேன்: அடுத்து ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டினால், அதில் கிரவுண்டு பேட்டரியின் பிளஸ் முனை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டர் கொத்தில் மாட்டினால் மின்சாரம் நேராக ஷார்ட் ஆகும். அதற்குத் தனி 9 வோல்ட் பேட்டரி.

கேள்வி: 9 வோல்ட்டை 18 ஆக்க 7660 ஐசி சேர்த்தேன். கொசு காதருகே பாடுவதுபோல் மெல்லிய கீச்சொலி. — வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த ஐசி 10 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது, அதுதான் கேட்கிறது. பெயரின் கடைசியில் ‘எஸ்’ இருக்கிறதா பாருங்கள். ஐசிஎல்7660எஸ் என்றால் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள். துடிப்பு 35 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவி, காதுக்கு எட்டாமல் போகும். ‘எஸ்’ இல்லாததில் 1-ஆம் காலுக்கு வேலையே இல்லை, ஐசியைத்தான் மாற்ற வேண்டும். மேக்ஸ்1044-இலும் இந்த வசதி உண்டு, ஆனால் அது 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் இல்லாத மலிவு அடாப்டர் 9 என்று எழுதிவிட்டு 12 கொடுக்கும், ஐசி நிமிடத்தில் புகைந்துவிடும்.

கேள்வி: டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதை பேஸ் கிட்டாருக்குப் போட்டால் அடிநாதம் தொலைகிறது. நுழைவுக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியும் பயனில்லை. — வாசகர், டோங்காட்

பதில்: நுழைவில் இருக்கும் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் நிரபராதி, அது 16 ஹெர்ட்ஸ் வரை விடுகிறது, உங்கள் ‘ஈ’ தந்தியோ 41 ஹெர்ட்ஸ். திருட்டு நடப்பது ஐசியின் மைனஸ் காலிலிருந்து போகும் 4.7 கிலோ ஓம், 47 நானோஃபாரட் ஜோடியில். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அது பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கிட்டாருக்கு அதுவே அழகு. 47-ஐ 220 ஆக்கினால் எல்லை 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆசைப்பட்டு 1 மைக்ரோ வைக்க வேண்டாம்: அடிநாதம் முதலில் உடைந்து எல்லாம் சேறாகும். அதைவிட, உடையாத மூலச் சத்தத்தைத் தனி வழியில் கொண்டுவந்து கடைசியில் கலப்பதே என் தேர்வு. ஒரு டிஎல்072 போதும்.

கேள்வி: லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் கேட் மோட்டாரின் 12 வோல்ட் பேட்டரியில் பெடல்களை ஓட்டலாமா? — வாசகர், லெனேசியா

பதில்: நேராக வேண்டாம். சார்ஜரோடு இருக்கையில் அது 13.8 வரை போகும். நடுவில் 7809 ரெகுலேட்டர் வையுங்கள். அதன் உள்வழியில் 330 நானோஃபாரட், வெளிவழியில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். பேட்டரி 11.5-க்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள், பேட்டரிக்கும் அதுவே நல்லது. பிளஸ் முனைக்கு ஒட்டியே 500 மில்லியாம்பியர் ஃபியூஸ் கட்டாயம். 9 வோல்ட் சதுர பேட்டரி ஷார்ட் ஆனால் வெறுமனே சூடாகும். இது ஷார்ட் ஆனால் வயரே உருகும்.

கேள்வி: வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. கடற்காற்றின் வேலையா? — வாசகர், மெரேபேங்க்

பதில்: இருக்கலாம். மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் பாட்டின் மூன்று கால்களிலும் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் அதற்கு முன்னுள்ள கெப்பாசிட்டர் கசிகிறது, அதை மாற்றுங்கள். பூஜ்யம் என்றால் ஸ்ப்ரே அடித்து முப்பது தடவை திருப்புங்கள்.