லேத் ஸ்லைடில் ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

கடலூர் முதுநகர் வாசகர்: படகு ஷாஃப்ட், கன்மெட்டல் புஷ் வேலை எடுக்கிறோம். ஆறடி பழைய லேத் (கடைசல் இயந்திரம்). ஜாபைத் துண்டாக வெட்டும் பார்ட்டிங் டூல் போட்டால் அதிர்கிறது, சில நேரம் ஜாபுக்குள் இழுத்துக்கொள்கிறது. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) இறுக்கினால் ஸ்லைடு கடைசிக்குப் போகும்போது ஹேண்டில் சுற்றவே வரவில்லை. நடுவில் ஆட்டம் அப்படியே இருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஸ்லைடு ஓடும் சாய்வான தடமான டவ்டெயில் அதிகம் தேய்வது தினமும் ஓடும் நடுப்பகுதியில்தான். இரண்டு முனையும் பழைய அளவிலேயே நிற்கும். நடுவுக்காக இறுக்கினால் முனையில் பிடிக்கத்தான் செய்யும்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் மேக்னட் ஸ்டாண்டை சாடில் (கிராஸ் ஸ்லைடைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் பகுதி) மேல் வைத்து, முனையை கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் தொடவிட்டு, டூல் போஸ்ட்டைப் பிடித்து பெட் நீளவாக்கில் தள்ளி இழுங்கள். 0.02, 0.03 மி.மீ. என்றால் விட்டுவிடலாம். 0.1 வந்தால் கிப்பைக் கவனிக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை பெட்டில் வைத்து, மரக்கட்டை நெம்புகோலால் சாடிலைத் தூக்கிப் பாருங்கள். முள் ஏறினால் குற்றம் சாடிலுக்கு அடியில் இருக்கும் பிடிப்பட்டையில். கிராஸ் ஸ்லைடைப் பழி சொல்லிப் பயனில்லை. கிராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும் சிறு ஸ்லைடான காம்பவுண்டைத் திருப்பும் போல்ட் தளர்ந்திருப்பதையும் பலர் பார்ப்பதில்லை.

கிப்தான் என்று தெரிந்தால் உருவி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். வளைந்திருக்கிறதா, ஸ்குரூ முனை உட்காரும் குழிகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பப் போட்டதும் ஸ்லைடை இறுக்கமான முனைக்கு ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்குரூவையும் லேசாகப் பிடிக்கும்வரை திருப்பி, அரைக்கால் சுற்று பின்வாங்குங்கள். லாக் நட்டை முடுக்கும்போது ஸ்குரூவும் கூடவே சுற்றும். அதனால் ஸ்க்ரூட்ரைவரால் அதைப் பிடித்துக்கொண்டே முடுக்க வேண்டும். கிப் டேப்பர் (ஒரு முனை மெலிந்த) வகையாக இருந்தால் ஒரு முனை ஸ்குரூவைத் தளர்த்திய பிறகுதான் மறுமுனையை முடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முடுக்கினால் கிப் நகராது, ஸ்குரூ தலைதான் உடையும்.

இப்படி வைத்த பிறகு நடுவில் 0.05-க்குள் ஆட்டம் நின்றால் வேலை ஓடும். பார்ட்டிங்கின்போது சாடிலை லாக் செய்யுங்கள், காம்பவுண்ட் கிப்பையும் இறுக்கிவையுங்கள். ஆட்டம் 0.05-க்கு மேல் போனால் ப்ளூ (நீல மை) தடவி, மேடு தெரியும் இடங்களைச் சுரண்டி ஸ்க்ரேப் செய்வதுதான் வழி. கிப்புக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் ஸ்குரூவுக்குத் திரும்ப இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நடுப் பள்ளம் அப்படியே கிடக்கும்.

உப்புக் காற்றில் ஒரு ராத்திரியிலேயே மெல்லிய துரு படியும். அதோடு ஓட்டினால் தேய்மானம் கூடும். மாலையில் துடைத்து 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் தடவுங்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் வாசகர்: கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலைத் திசை மாற்றினால் 0.6 மி.மீ. சும்மா சுற்றுகிறது. நட்டை மாற்ற வேண்டுமா?

அவசரம் வேண்டாம். இது பேக்லாஷ் (திசை மாற்றும்போது ஹேண்டில் சும்மா சுற்றும் தளர்ச்சி), ஸ்லைடின் ஆட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்லைடை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ஹேண்டிலும் கூடவே வந்து போனால், ஸ்குரூவை முன்பின் நகராமல் பிடிக்கும் காலரில்தான் இடைவெளி. அங்குள்ள நட்டை முடுக்கினால் பெரும்பகுதி போய்விடும். ஹேண்டில் அசையாமல் ஸ்லைடு மட்டும் ஆடினால் நட் தேய்ந்திருக்கிறது. இரண்டு துண்டு நட் என்றால் நடு ஸ்குரூவை முடுக்கி, துண்டுகளுக்கு இடையே உள்ள ஆப்பை ஏற்றலாம். ஒரே துண்டு என்றால் புதிதாக வெண்கல நட் போட வேண்டும். ஸ்குரூவின் நடு மரை மெலிந்திருந்தால், புது நட்டும் நடுவில் லூசாகவே இருக்கும். பேக்லாஷைச் சரிசெய்யும்வரை, அளவுக்கு வரும்போது எப்போதும் ஒரே திசையில் சுற்றி வாருங்கள். தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று பின்னே போய்த் திரும்புங்கள்.

அதே வாசகர்: வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி ஸ்லைடை ஓட்டினால் இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திவிடும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள பொடி ஸ்லைடின் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, நீங்கள் நிறுத்திய பிறகும் அராவிக்கொண்டே இருக்கும். தேய்ந்த இடத்தையும் தேயாத இடத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஏற்கெனவே போட்டிருந்தால் ஸ்லைடு, கிப், ஸ்குரூ, நட் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகே ஆயில் விடுங்கள்.