“அந்தச் சாவி என்னாச்சு தம்பி?”

கேள்வி: நானும் அம்மாவும் மூன்று வருடமாக இரவு சீரியல் ஒன்றைத் தவறாமல் பார்க்கிறோம். ஆரம்பத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து உட்காருவோம். இப்போது ஒரு வாரம் விட்டுப் பார்த்தாலும் கதை அங்கேயே நிற்கிறது. நானும் கணவரும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை ஐந்தாவது சீசன் வரை பார்த்துவிட்டோம். முடிவு எங்களுக்குத் தெரிந்ததுதான். “ஆறோடு நிறுத்திக்குவோம், அதுக்கப்புறம் கெட்டுப்போச்சு” என்கிறார் அவர். ஒரு தொடர் கொஞ்ச நாள் தொய்கிறதா, இனி தேறவே தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது விடலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சின்னத்திரைக்குப் பதினோரு வருடம் வசனம் எழுதியவன் நான். உங்கள் கேள்விக்கான விடையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி.

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த அந்த அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நடிகைகளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “நீங்கதான் கதை எழுதுறவங்களா? சாகும்போது அந்த மாமியார் சின்ன மருமக கையில ஒரு சாவி குடுத்தாங்களே, அந்தச் சாவி என்னாச்சு தம்பி?” என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உள்ளே போய்ப் பழைய சீன் பேப்பர்களைப் புரட்டினேன். நாற்பதாவது எபிசோடில் இருந்தது. பித்தளைச் சாவி, சிவப்பு நூல் கட்டியது. எழுதியதே நான்தான். அன்றைக்கு நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது முந்நூறைத் தாண்டிய எபிசோட். அந்தச் சாவியை அந்த அம்மா மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். எழுதிய நாங்கள் தொலைத்துவிட்டோம்.

ஒரு தொடர் சரியத் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை நடந்தது புதன்கிழமை யாருக்கும் வலிக்கவில்லை என்றால் அந்தக் கதைக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. மெதுவாகப் போவது குறையே அல்ல. நல்ல தொடர்கள் பல மெதுவாகத்தான் போயிருக்கின்றன. கதை தன்னையே மறந்துபோவதுதான் குறை.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். முதல் சீசனில் ராப் ஸ்டார்க் ஒரு பாலத்தைக் கடக்கவேண்டும். பாலத்துக்குச் சொந்தக்காரரின் பெண்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்வதாக அவன் சார்பில் வாக்குக் கொடுக்கப்படுகிறது. இரண்டாவது சீசனில் மனம் போன இடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான். மூன்றாவது சீசனில், அந்தப் பாலத்துக்காரர் நடத்தும் ஒரு கல்யாண வீட்டில், அம்மாவோடும் மனைவியோடும் சேர்த்து வெட்டிக் கொல்லப்படுகிறான். கொடுத்த வாக்கு இரண்டு வருடம் உயிரோடு இருந்து, வந்து கழுத்தைப் பிடிக்கிறது. உலகமே அந்தத் தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது இதற்காகத்தான். டிராகன்களுக்காக மட்டும் இல்லை.

ஆறாவது சீசனின் கடைசி எபிசோடை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள். 2016-ல் வந்தது. எடுத்த விதத்தில் மிக அழகான எபிசோட், பியானோ இசையோடு தொடங்கும். அரசி செர்சி தலைநகரின் பெரிய வழிபாட்டுக்கூடத்தையே வெடிவைத்துத் தகர்க்கிறாள். ஏழை ஜனங்கள் பின்னால் திரண்டிருந்த மதத்தலைவர் உள்ளேயே சாம்பலாகிறார். அவள் மகன் ஜன்னல் வழியே விழுந்து சாகிறான், ஒரு பெரிய குடும்பம் எதிரணிக்குப் போகிறது, அது வரைக்கும் சரி. ஆனால் அந்த ஊர் ஜனம்? ஒரு கல் எறியக்கூட ஆளில்லை. அதே எபிசோடிலேயே அவள் முடி சூட்டிக்கொள்கிறாள், அடுத்த சீசனில் அரசாங்கம் பாட்டுக்கு நடக்கிறது. பழைய சீசன்களாக இருந்தால் அந்த ஒரு வெடிப்பை வைத்தே ஒரு வருடம் கதை நடந்திருக்கும். என் கணக்கில் சரிவு தொடங்கியது எல்லோரும் கைதட்டிய இந்த இடத்தில்தான். ஏழாவது சீசன் வந்தபோது, பனிப் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் கோட்டைக்கு ஓடி, அங்கிருந்து பறவை கடிதம் கொண்டுபோய், வெகுதூரத் தீவிலிருந்து இன்னொரு அரசியான டெனேரிஸ் டிராகனில் வந்து சேருவதெல்லாம் ஒரு ராத்திரி வேலைபோலத் தோன்றும். ஊருக்கு ஊர் போவதற்கே எபிசோட்கள் பிடித்த தொடர் அது!

காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. அடுத்தது வருவதற்குள் தொடர் முந்திக்கொண்டது. வாக்கும் பழியும் வலையாகப் பின்னிய கை விலகிப்போனதும், இனி என்னென்ன காட்சி வேண்டும் என்ற பட்டியல்தான் கையில் மிஞ்சியது. முதல் ஆறு சீசன்களுக்குத் தலா 10 எபிசோட். ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6. போய்ச் சேரவேண்டிய இடம் தெரிந்தது, போகிற வழி சுருங்கிவிட்டது.

பார்ப்பவர்கள் எண்ணிக்கையை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 2019 மே மாதம் வந்த கடைசி எபிசோடை அமெரிக்காவில் அந்த ஒரு இரவில் பார்த்தவர்கள் 1.93 கோடிப் பேர், அதை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலுக்கே அது சாதனை. ஆள் கூடுவது, முன்பு நன்றாக இருந்ததற்குக் கிடைக்கும் வட்டி. சரக்கு கெட்டுப்போன செய்தி கல்லாப்பெட்டிக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

இப்போது அம்மாவின் சீரியலுக்கு வருவோம். நம் மெகா தொடர்களின் கஷ்டம் வேறு மாதிரி. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மொத்தமே 73 எபிசோட். 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,533 எபிசோட்; எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் ஐந்நூறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. முடிவுத் தேதி என்று ஒன்று கிடையாது. வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வரும். எண் நன்றாக இருந்தால் ஓடுகிற டிராக்கை, அதாவது கதைக்கிளையை, இழு, சரிந்தால் டிராக்கை மாற்று. இப்படி வாரத்துக்கு ஆறு நாள். எபிசோட் கையிருப்பு தீர்ந்துபோன நாட்களில், காலை ஏழு மணிக்கு எழுதிய காட்சியை ஒன்பது மணிக்கு நடிகர் கையில் கொடுத்திருக்கிறேன். அப்பா வேடத்தில் நடித்தவருக்கு சினிமா கால்ஷீட் வந்துவிட்டது என்பதற்காக அவரை ஐசியூவில் படுக்கவைத்தோம். உயிலைப் பார்த்த ஒரே ஆள் கதையில் அவர்தான். திரும்பி வந்தபோது உயில் டிராக் முடிந்துபோயிருந்ததால் அவருக்கு ஞாபகம் போய்விட்டது என்று எழுதினேன். அந்த வரியை எழுதியதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் எல்லாத் தொய்வும் சரிவல்ல. காரணம் கதைக்கு வெளியே இருந்தால் கொஞ்சம் பொறுக்கவேண்டும். ‘எதிர்நீச்சல்’ நினைவிருக்கும். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை பாதிக்கப்பட்டு மாரடைப்பால் மறைந்தார். “இந்தாம்மா ஏய்” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்களோடு சேர்ந்து நம் வீட்டிலும் முதுகு நிமிரும். அவர்களுடைய பயம், அதை மீறும் துணிச்சல் இரண்டுமே அந்தக் குரலின் மேல் கட்டியவை. பிறகு வந்த வேல ராமமூர்த்தி தேர்ந்த நடிகர். ஆனாலும் ஒருவருடைய உடம்பையும் மூச்சையும் வைத்து எழுதிய வேடத்தை இன்னொருவருக்கு அப்படியே மாட்டிவிட முடியாது. அந்தத் தொடர் 2024 ஜூனில் முடிந்தது. இதுபோல ‘இவருக்குப் பதில் இவர்’ என்று வந்தால், அல்லது கதாநாயகி பிரசவத்துக்குப் போனால், ஒரு மாதம் கொடுங்கள். புதியவருக்கென்று எழுதத் தொடங்கினார்களா, பழையவரின் வசனத்தையே இவர் வாயில் திணிக்கிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘ஹீரோஸ்’ என்ற தொடரின் இரண்டாவது சீசன் பாதியில் நின்றது; அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதே வேலைநிறுத்தத்தால் ‘பிரேக்கிங் பேட்’ முதல் சீசனும் 7 எபிசோடாகக் குறைந்தது. அது வருடத்துக்கு வருடம் உயர்ந்து 62 எபிசோடில் முடிந்தது. அதில், கண்ணெதிரே மூச்சுத்திணறிச் சாகும் ஒரு பெண்ணைக் கதாநாயகன் வால்டர் காப்பாற்றாமல் நிற்கிறான். அவளுடைய அப்பா விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர். துக்கத்தோடு வேலைக்குத் திரும்பியவர் தவறு செய்ய, நடுவானில் இரண்டு விமானங்கள் மோதுகின்றன. வால்டர் வீட்டு நீச்சல்குளத்தில் பொம்மை வந்து விழுகிறது. அடி பட்டாலும் ஞாபகம் போகாத கதை பிழைத்துக்கொள்கிறது.

முடிவுத் தேதி தெரிந்த தொடர்களுக்கும் அவகாசம் கொடுக்கலாம். ‘லாஸ்ட்’ மூன்றாவது சீசனில் வழிதெரியாமல் சுற்றியது. 2010-ல் முடிப்பது என்று 2007-லேயே அறிவித்த பிறகு நடை மாறியது. கதை முடிந்தபிறகும் நீட்டியதற்கு ‘மணி ஹைஸ்ட்’ உதாரணம். ஸ்பெயினில் 15 எபிசோடில் முடிகிற கதையாகத்தான் 2017-ல் அது ஒளிபரப்பானது. நெட்ஃபிளிக்ஸ் அதை வெட்டி இரண்டு பாகமாக்கி, உலகம் முழுக்க ஓடியபின் மேலும் மூன்று பாகம் எடுத்தது. இதைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் இரண்டாவது பாகத்தோடு நிறுத்தச் சொல்வேன்.

அம்மாவின் சீரியலுக்கு இதைச் செய்யுங்கள். முதல் மாதம் உங்களை உட்காரவைத்த கேள்வி எது என்று இருவரும் ஒரே வரியில் சொல்லிப்பாருங்கள். ‘இந்தப் பெண் இந்த வீட்டிலிருந்து வெளியேறுவாளா?’ என்பதுபோல. பதில் எப்போதோ கிடைத்துவிட்டு இன்னும் ஓடுகிறது என்றால் தயங்காமல் விடலாம். பதில் பாக்கி என்றால் இரண்டு வாரம் பாருங்கள்: ஒருவருக்கு நடந்தது அடுத்த வாரம் அவரை மாற்றுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு சீரியல்களைச் சேர்த்து ஓட்டும் மகாசங்கமம், ஒரு மணி நேர ஸ்பெஷல் வரும் வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை எண்ணுக்காகச் செய்பவை. இரவு நேரத்திலிருந்து மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்றால் பெரும்பாலும் முடிக்கப்போகிறார்கள், அதுவரை இருந்து பார்த்துவிடலாம். அம்மா எதற்கும் விடமாட்டேன் என்றால் அவரை அவர் போக்கில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லாதீர்கள். அவரும் ஏதோ ஒரு சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கணவர் சொல்வதில் பாதி சரி. ஆறுக்குப் பிறகு மிச்சம் 13 எபிசோட்தான், பாருங்கள் என்பேன். முக்கியமாக எட்டாவது சீசனின் இரண்டாவது எபிசோட். போருக்கு முந்தைய ராத்திரி, பழைய எதிரிகளெல்லாம் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் என்பதால் வாள்வீராங்கனை பிரியேனுக்கு வீரப்பட்டம் கிடையாது. அவளோடு போன வழியில் கையை இழந்தவன் ஜேமி, மூன்றாவது சீசனில் பார்த்தீர்களே. அவன் எழுந்து, மிஞ்சிய கையில் வாளை எடுத்து அவளை மண்டியிடச் சொல்கிறான். எழுந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.