அமெரிக்கக் கால்பந்தில் சேஃப்டியைத் தாண்டிப் பந்து போனால் அது அவருடைய தவறுதானே?

"கடைசி ஆளாக நிற்பவர் சேஃப்டிதானே, அவரைத் தாண்டிப் பந்து போய் டச்டவுன் விழுந்தால் பழி வேறு யாரைச் சேரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த சூட்டோடு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை, இதைவிட மோசமான சொற்களில், காரை ஓட்டிக்கொண்டே என் மகனிடம் கேட்டவன் நான். ஆகவே பதில் சற்று நீளமாகத்தான் வரும். புதியவர்களுக்கு ஒரு வரி: தற்காப்பு அணியில் வழக்கமாக எல்லோருக்கும் பின்னால் நிற்பவர் சேஃப்டி; பந்தை எதிரணியின் கோடிப் பகுதிக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது டச்டவுன்.

நான் பயிற்சியாளன் அல்லன். இந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடியவனும் அல்லன். காலால் உதைக்காத ஆட்டத்துக்குக் கால்பந்து என்ற பெயர் எதற்கு என்று கேட்கவிருப்பவர்களும், தலையில் அடிபடும் விளையாட்டில் பிள்ளையை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்கவிருப்பவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்விக்கு என் மனைவிக்கே நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

தெற்கு நியூ ஜெர்சியில், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு அது. நான்காவது கால் பகுதி, எங்கள் பள்ளி நான்கு புள்ளி முன்னிலையில் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் இருந்த என் மகன் வலப்பக்கச் சேஃப்டி. எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வலது ஓரக்கோட்டை ஒட்டி ஓடியவருக்கு நீளமாக எறிந்தார்; பந்தைப் பிடித்தவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. திடலின் நடுவிலிருந்து ஓடிவந்த என் மகன் இரண்டு எட்டுத் தாமதமாகப் பாய்ந்து, அவருடைய குதிகாலை மட்டும் தொட்டுக் குப்புற விழுந்தான். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து நின்று அவனுடைய சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினார். அவர் மீது வந்திருக்க வேண்டிய கோபம் எனக்கு மகன் மீது வந்தது. வீடு வந்து சேரும் வரை, "உன் இடத்தை விட்டுவிட்டு நடுவில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதையே நான்கைந்து விதமாகக் கேட்டேன். செயற்கைப் புல்லிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் கறுப்பு ரப்பர் துகள்களைக் காலுறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தானே தவிர, அவன் வாயைத் திறக்கவில்லை.

அவனுடைய இடம் எது என்பதே எனக்குத் தெரியாது என்பது மறுநாள் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. சேஃப்டிக்கு நிலையான இடம் என்று ஒன்று கிடையாது. அந்த ஒரு பந்துக்கு அணி எந்தக் கவரேஜை, அதாவது காவல் திட்டத்தை, அழைத்திருக்கிறது என்பதுதான் அவருடைய வேலையைத் தீர்மானிக்கிறது. கவர் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண், பொதுவாக, ஆழத்தில், அதாவது பின்னால் தள்ளி, எத்தனை பேர் காவல் நிற்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. திடலின் அகலம் 160 அடி, அதாவது 53 யார்டுக்குச் சற்று மேல். கவர் 2 என்றால் இரண்டு சேஃப்டிகளும் ஆளுக்குப் பாதியாக, ஏறத்தாழ 27 யார்டு வீதம், அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஓரங்களைக் காக்கும் கார்னர்பேக்குகள் முன்னால் நின்று குட்டையான எறிகளைப் பார்த்துக்கொள்வார்கள். கவர் 3 என்றால் ஓரங்களின் ஆழம் கார்னர்பேக்குகளுக்குப் போய்விடும்; ஒரு சேஃப்டி நடுவின் ஆழத்தில் தனியாக நிற்பார், மற்றவர் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்குப் பக்கத்தில் இறங்கி, பந்தைச் சுமந்து ஓடுபவரை மடக்கும் வேலைக்குப் போய்விடுவார். கவர் 4 இன்னும் நுட்பமானது. ஓரத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதாக நிற்கும் ரிசீவரை, அதாவது எறியைப் பிடிக்க ஓடுபவரை, சேஃப்டி கவனிக்க வேண்டும். அவர் நேராக ஆழத்துக்கு ஓடிவந்தால் அவரை எடுத்துக்கொள்ள வேண்டும், குட்டையாக வெளியே திரும்பினால் விட்டுவிட்டுக் கார்னர்பேக்குக்குத் துணை போக வேண்டும், எதிரணி எறியாமல் பந்தைச் சுமந்து ஓடினால் முன்னால் இறங்கி வர வேண்டும். இத்தனையையும் பந்து நகர்ந்து ஆட்டம் தொடங்கிய ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். கவர் 0 என்றால் ஆழத்தில் ஒருவருமே இல்லை. அங்கே உங்கள் "கடைசி ஆள்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொழில்முறை ஆட்டத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சியாட்டில் சீஹாக்ஸ். 2010ஆம் ஆண்டு, அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், முதல் சுற்றில் எர்ல் தாமஸையும் ஐந்தாம் சுற்றில் கேம் சான்ஸலரையும் எடுத்தார்கள். இருவரும் சேஃப்டிகள்தாம், ஆனால் அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரல் பெரிதும் நம்பியது கவர் 3 என்பதால் இருவருக்கும் வேறு வேறு பிழைப்பு. 5 அடி 10 அங்குல உயரமே உள்ள தாமஸ் நடுவின் ஆழத்தில் தனியாக நின்று இரு பக்கமும் ஓடுவார். 6 அடி 3 அங்குலச் சான்ஸலர் கீழே இறங்கி, நடுவில் பந்தைப் பிடிக்க வருபவர்களை இடித்துச் சாய்ப்பார். 2012 முதல் 2015 வரை நான்கு பருவங்களும் தொடர்ந்து மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அதுதான். இருவரையும் இடம் மாற்றி நிறுத்தியிருந்தால் இருவருமே சுமாரான ஆட்டக்காரர்களாகத்தான் தெரிந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இதற்கு மாறாக, தாம்பா பே அணி கவர் 2இல் நடு லைன்பேக்கரைப் பின்னோக்கி ஓடவிட்டு, இரு சேஃப்டிகளுக்கு இடையில் விழும் ஓட்டையை அடைத்தது. 2003 ஜனவரியில் அந்த அணி 48-21 என்று வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், இரண்டு பந்துகளைத் தட்டிப்பறித்த டெக்ஸ்டர் ஜாக்சன் என்ற சேஃப்டிதான் ஆட்ட நாயகன். எங்கள் பக்கத்து ஊரான பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் 2025 பிப்ரவரியில் கோப்பையை வென்றபோது தற்காப்பை நடத்திய விக் ஃபேஞ்சியோ, பந்து நகரும் வரை இரு சேஃப்டிகளையும் ஆழத்திலேயே நிறுத்தி, நகர்ந்த பிறகே ஒருவரைச் சுழற்றி வேறு கவரேஜுக்கு மாற்றுவதில் பெயர் பெற்றவர். குவார்ட்டர்பேக்கையே ஏமாற்றும் அந்த மாற்றம், சோபாவில் உட்கார்ந்திருக்கும் நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

(இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை: எதிராளியை, திடலின் கோடியில் உள்ள அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கினால் கிடைக்கும் இரண்டு புள்ளிக்கும் சேஃப்டி என்றுதான் பெயர். நான் ஒரு மாலை முழுவதும் இதில் குழம்பியிருக்கிறேன்.)

தொலைக்காட்சி மீது எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. கிரிக்கெட்டில் டீப் மிட்விக்கெட்டில் ஆள் இல்லை என்பது பந்து வீசும் முன்பே நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் பந்து போனால் கேப்டனைத் திட்டுவோமே தவிர, அறுபது கெஜம் ஓடிவந்த ஃபீல்டரை யாரும் திட்டுவதில்லை. இங்கே கேமரா பந்தையும் அதைச் சுற்றி நிற்பவர்களையும்தான் காட்டுகிறது. பன்னிரண்டு, பதினைந்து யார்டு பின்னால் நிற்கும் சேஃப்டி பெரும்பாலும் படத்திலேயே இருக்க மாட்டார். பந்து காற்றில் போகும்போது கேமரா திரும்ப, அவர் மூச்சிரைக்க ஓடிவந்து திரைக்குள் நுழைகிறார். அவரை நாம் முதன்முதலில் பார்ப்பதே தாமதமாக வருபவராகத்தான். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படத்தை 2012 முதல் தொழில்முறை லீகான என்எஃப்எல் கட்டணம் வாங்கிக்கொண்டு ரசிகர்களுக்கும் தருகிறது. சேஃப்டியைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் ஒரு பருவமாவது அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படிப்பட்ட படம் பள்ளிகளிலும் உண்டு. திங்கட்கிழமை இரவு என் மகன் ஆட்டப் படங்களைப் பார்க்கும் ஹடில் செயலியில் அந்த ஒரு பந்தை மட்டும் திறந்து என்னிடம் கைப்பேசியை நீட்டினான். அழைத்திருந்தது கவர் 2. பந்து இடப்பக்க ஹாஷ் கோட்டில் இருந்தது; பள்ளி ஆட்டத்தில் அந்தக் கோடுகள் திடலை மூன்று சம பங்காகப் பிரிப்பதால், வலப்பக்கம் மட்டும் 35 யார்டுக்கு மேல் திறந்து கிடந்தது. பந்து நகரும் முன்பு எதிரணியின் ரிசீவர் ஒருவர் இடமிருந்து வலமாக நடந்து இடம் மாறினார். அப்படி மாறினால் கவர் 3க்குப் போக வேண்டும் என்பது எங்கள் அணியின் ஏற்பாடு. இடப்பக்கச் சேஃப்டி கீழே இறங்கினான், என் மகன் நடுவுக்கு நகர்ந்தான். வலது கார்னர்பேக் மட்டும் இன்னும் கவர் 2 என்றே நினைத்து முன்னால் நின்றுகொண்டு, பின்னால் சேஃப்டி இருக்கிறான் என்ற நம்பிக்கையில் ரிசீவரைக் கடந்து போகவிட்டான். கவர் 2 நீடித்திருந்தால் அந்த டச்டவுன் முழுவதும் என் மகன் கணக்கு. கவர் 3 என்பதால் அது அவன் காக்க வேண்டிய இடமே அல்ல. உதவிக்கு ஓடியவனைத்தான் நாங்கள் எல்லோரும் குற்றவாளி ஆக்கினோம்.

"அப்படியென்றால் தவறு அந்தப் பையனுடையதுதானே?" என்றேன், பெரிய ஆறுதலோடு. அவன் படத்தைப் பின்னுக்கு இழுத்து, பந்து நகர்வதற்கு முந்தைய நொடியில் நிறுத்தினான். திரையில் விரல் நகமளவுக்குத் தெரிந்த அவன், கவர் 3க்கான சைகையாக முஷ்டியைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தான். அந்த மாற்றத்தை இரு பக்கமும் சொல்லிச் சேர்ப்பதும் சேஃப்டியின் வேலைதானாம். "காட்டினேன் அப்பா. அவன் பதிலுக்குக் காட்டினானா என்று பார்க்காமல் திரும்பிவிட்டேன்" என்றான். காரில் நான் திட்டிய திட்டில் இந்த ஒன்று மட்டும் இல்லை.