ஆற்று நீரில் மாநிலத்துக்கு எவ்வளவு உரிமை, ஒன்றிய அரசுக்கு எவ்வளவு?

தண்ணீர் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில்தானே (மாநிலங்கள் சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியல்) இருக்கிறது, அப்புறம் காவிரிக்கு ஏன் டெல்லி வரை போகிறோம் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஆமாம், குடிநீர், பாசனம், கால்வாய், அணை எல்லாம் மாநிலப் பட்டியலின் 17-வது இனத்தில் இருக்கின்றன. ஆனால் அது ஒன்றியப் பட்டியலின் 56-வது இனத்துக்குக் கட்டுப்பட்டது. பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது அது.

காரணம் எளிது. ஆறு எல்லை பார்த்து ஓடுவதில்லை, மேலே இருப்பவர் தேக்கினால் கீழே இருப்பவர் வயல் காய்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் வீட்டுக் குழாய் உங்கள் இஷ்டம், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக்குழாயை மட்டும் யாரும் தனியாக அடைக்க முடியாது, அது மாதிரிதான்.

சண்டை வந்தால் அரசமைப்பின் 262-வது பிரிவும் 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான ஆற்று நீர்த் தகராறுகள் சட்டமும், அதை விசாரித்துத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்கு வழி சொல்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007-இல்தான் வந்தது. 17 வருடம்! பயிர் அவ்வளவு நாள் காத்திருக்குமா? 2018-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்றது. தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் காவிரி மேலாண்மை ஆணையமும் அந்த வருடமே வந்தது.

ஆறு எங்கள் மலையில் பிறக்கிறது, அதனால் எங்களுக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அதே 2018 தீர்ப்பு, எந்த மாநிலமும் அப்படித் தனி உரிமை கோர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.