செல்லாத சட்டம் புத்தகத்தில் ஏன் இருக்கிறது?

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் தன் ஆண் துணையுடன் வாழ்கிறான். டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தை இணையத்தில் தற்செயலாகப் படித்தபோது, ஒரே பாலினத்தவரிடையேயான உடலுறவைக் குற்றமாக்கும் 21.06-ஆம் பிரிவு அதில் அப்படியே இருப்பதைக் கண்டேன். உச்ச நீதிமன்றம் அதை எப்போதோ ரத்து செய்துவிட்டதாகத்தானே சொன்னார்கள்? நாங்கள் அஞ்ச வேண்டுமா?

பதில்: அந்தப் பிரிவின் கீழ் உங்கள் மகனை இன்று யாரும் தண்டிக்க முடியாது. நீங்கள் படித்த பக்கத்திலேயே அந்தப் பிரிவை ஒட்டி ஒரு சிறு குறிப்பு இருக்கும். லாரன்ஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் இது அரசமைப்புக்கு முரணானதென அறிவிக்கப்பட்டது என்று அது சொல்லும். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் வரி அது.

அந்த வழக்கு தொடங்கியதும் ஹூஸ்டனில்தான். 1998-இல், ஒருவர் துப்பாக்கியோடு இருப்பதாக வந்த பொய்ப் புகாரை நம்பி ஓர் அடுக்ககத்தினுள் நுழைந்த காவலர்கள், அங்கிருந்த இரு ஆண்களை இந்தப் பிரிவின் கீழ்க் கைது செய்தனர். ஆளுக்கு 200 டாலர் அபராதம். அந்தச் சிறு தொகையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1986-இல் தானே அளித்திருந்த நேர்மாறான தீர்ப்பைக் கைவிட்ட நீதிமன்றம், அமெரிக்க அரசமைப்பின் 14-ஆம் திருத்தம் காக்கும் சுதந்திரத்தில் மாநில அரசு இவ்வாறு தலையிட முடியாது என்று 2003 ஜூன் 26 அன்று தீர்ப்பளித்தது.

‘ரத்து’ என்ற சொல்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களுக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை அழிக்கும் அதிகாரம் இல்லை. அந்த வரியை வைத்து யாரையும் தண்டிக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரமே உண்டு. நீக்க வேண்டியது மாநிலச் சட்டமன்றம். டெக்சாஸ் சட்டமன்றமோ இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை நீக்கவில்லை.

இது வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அரிசோனா சாட்சி. அது மாநிலமாவதற்கு முன்பே, 1864-இல் எழுதப்பட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டம், கருக்கலைப்பை அரசமைப்பு உரிமையாக ஏற்ற 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பால் முடங்கிக் கிடந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பைக் கைவிட்டதும் மீண்டும் வழக்கு கிளம்பி, அந்தப் பழைய சட்டத்தை அமல்படுத்தலாம் என்று 2024 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பதறிய சட்டமன்றம் அடுத்த சில வாரங்களில் அதை நீக்கியது. நவம்பரில் வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலேயே எழுதிவைத்தனர். கூட்டாட்சி நீதிமன்றம் கைவிட்ட உரிமையை மாநிலத்தின் சொந்த அரசமைப்பு தர முடியும் என்பதையும் இங்கே கவனியுங்கள்.

அதே 2022 தீர்ப்பில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், லாரன்ஸ் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தனியாக எழுதினார். மற்ற எந்த நீதிபதியும் அதில் அவரோடு சேரவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்போ, மற்ற முன்தீர்ப்புகளுக்கு இதனால் பாதிப்பில்லை என்றது. ஆகவே உடனடி ஆபத்து இருப்பதாக நான் கருதவில்லை.

ஒருவேளை காவலர் எவரேனும் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டினால், உங்கள் மகன் அந்த இடத்திலேயே சட்டம் பேசி வாதாட வேண்டாம். வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று மட்டும் சொல்லி, காவலரின் பெயர், அடையாள எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். அரசமைப்பு உரிமையை மீறும் மாநில அலுவலர்மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடர 1871-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது. ‘உரிமை தெளிவாக நிலைநாட்டப்படவில்லை’ என்று அலுவலர்கள் வழக்கமாகச் சொல்லும் தற்காப்பு, 2003-இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த இந்த விஷயத்தில் எளிதில் எடுபடாது.