செட்டில்மென்ட் பணம் வருகிறது, தூக்கம் போய்விட்டது

கேள்வி: வயது 47. சென்னையில் 19 வருடமாக வேலை பார்க்கும் கம்பெனி எங்கள் பிரிவையே மூடுகிறது. இந்த மாதம் 30-ஆம் தேதி கடைசி நாள். கிராஜுவிட்டி, ஈட்டுத்தொகை, லீவு சம்பளம் சேர்த்து 31 லட்சம் வரும்; பி.எஃப். தனி. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூருக்கே திரும்புகிறோம். அங்கே ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, ஓடு ஒழுகுகிறது. ஆளுக்கு 4 லட்சம் போட்டால் ஹோம் ஸ்டே நடத்தலாம் என்கிறார்கள். சென்னை ஃபிளாட்டுக்கு 9 லட்சம் கடன் பாக்கி (மாறும் வட்டி, இப்போது 8.6%, தவணை 22,000). வீட்டுச் செலவு 45,000. மனைவிக்குச் சர்க்கரை. பேங்கில் சொன்னார்கள் என்று போன வாரம் வருடம் 2 லட்சம் கட்டும் பாலிசியில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காரைக்குடியில் 28,000 சம்பளத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் ஏழெட்டு விஷயம் இருக்கிறது. அதில் தேதி குறித்தவை மூன்றுதான். அவற்றை மட்டும் இப்போது எடுங்கள்.

முதலில் மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி உங்கள் வேலையோடு போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால் இதுவரை கழித்த காலம் கணக்கில் வரும். 30-ஆம் தேதிக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து அந்த 2 லட்சம் பாலிசி. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதி வந்துவிடும். பேங்கில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வேலை போகிற நேரத்தில் வருடா வருடம் 2 லட்சம் கட்டச் சொல்லி ஒருவர் தலையில் கட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஓடு. ஐப்பசி மழை காத்திருக்காது. ஆனால் ஒழுக்கை அடைப்பது வேறு, ஹோம் ஸ்டே வேறு. ஓடு மாற்றவும் மரம் நனையாமல் காக்கவும் உங்கள் பங்கைக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 4 லட்சத்தை இப்போது தர வேண்டாம். பாகம் பிரிக்காத வீட்டில் போடும் பணம் எல்லோருடைய வீட்டிலும் போட்ட பணம். யார் நடத்துவது, வருமானம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன என்பதை எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்ட பிறகு பேசலாம். முற்றத்தைச் சுற்றிய வளவும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

பணத்துக்கு வருவோம். 31 லட்சம் என்பது வரி பிடித்த பிறகா என்று கேளுங்கள். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி இல்லை. ஈட்டுத்தொகை அப்படி அல்ல. தேதி இல்லாவிட்டாலும் வீட்டுக் கடனை மட்டும் இப்போதே அடைத்துவிடச் சொல்வேன். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. டெபாசிட்டில் வரி போக 8.6% கிடைப்பதும் கடினம். கடன் முடிந்ததும் ஃபிளாட் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டியது வங்கியின் பொறுப்பு. அடமான ரத்து ரசீதையும் பதிந்துவிடுங்கள். ஃபிளாட்டை வாடகைக்கு விடுங்கள், விற்பதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

மீதி சுமார் 22 லட்சம். ஆறு மாதச் செலவுக்கானதைச் சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு, மற்றதை ஒரு வருட டெபாசிட்டுகளாகப் பிரித்துப் போடுங்கள். கூடுதல் வட்டிக்காகச் சின்ன வங்கிக்குப் போனால், ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை மறக்க வேண்டாம். பி.எஃப்.பைத் தொடாதீர்கள். "செட்டில்மென்ட் வந்திருக்காமே" என்று ஊரில் கைமாற்று கேட்பார்கள். டெபாசிட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

அந்த 28,000 ரூபாய் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் வலிக்கத்தான் செய்யும். தவணை போன பிறகு உங்களுக்குத் தேவை 45,000. சம்பளம் போக மாதம் 17,000, வருடத்துக்கு 2,04,000 மட்டும் கையிருப்பிலிருந்து எடுத்தால் போதும். வாடகை வந்தால் அதுவும் குறையும். வேலையே இல்லாவிட்டால் வருடத்துக்கு 5,40,000 கரையும். ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சமும் வேண்டாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்கு வந்து, கொஞ்ச காலம் இருந்துதான் மறுபடி கிளம்பினார்கள். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் ஒருவர் வீட்டில் இருப்பதைச் செட்டிநாடு நிறையவே பார்த்திருக்கிறது.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஹோம் ஸ்டே, ஃபிளாட், பி.எஃப். மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். சித்திரையில் மனைவியோடு உட்கார்ந்து, இருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஐந்தொகை போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.