28,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ரேக் சர்வரை வீட்டுக்கு வாங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். நெட்வொர்க் துறையில் பணி. வீட்டில் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் விர்ச்சுவல் மெஷின்கள் நான்கைந்தை இரவும் பகலும் இயக்க விரும்புகிறேன். 35,000 ரூபாய் வரை செலவிட முடியும். சென்னை ரிச்சி தெருவில் ஓர் இடைத்தரகர், இரண்டு ஜியான் (இன்டெல்லின் சர்வர் வகை) பிராசசர்களும் 64 ஜிபி ரேமும் உள்ள, சட்டத்தில் அடுக்கி வைக்கும் தட்டையான 2012ஆம் ஆண்டு மாடல் ரேக் சர்வரை 28,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் சொல்லப்பட்டது வாங்கும் விலை மட்டுமே. அந்த இயந்திரத்தை வைத்திருப்பதற்கான விலையை யாரும் சொல்லவில்லை. அத்தகைய சர்வர் வேலை எதுவும் இல்லாதபோதே ஏறத்தாழ 120 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் ஓடினால், மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதங்களில் சுமார் 173 யூனிட் ஆகிறது. அதனால் உங்கள் வீட்டின் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் உயர்ந்த கட்டணம் விழும். மெல்லிய ரேக் சர்வர்களின் சிறு விசிறிகள் எழுப்பும் ஓசையில் பக்கத்து அறையில்கூட உறங்க முடியாது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

உங்கள் தேவைக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் கையடக்கக் கணினி (மினி பிசி எனப்படும் சிறு மேசைக் கணினி) போதும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி ஆகிய வரிசைகளில் ஐ5-8500டி பிராசசர் உள்ள ஒன்றைத் தேடுங்கள். ஆறு கோர் கொண்ட இந்த பிராசசர் உள்ள கணினி சும்மா இருக்கும்போது 15 வாட் அளவில் நின்றுவிடும். இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 22 யூனிட். நான்கைந்து விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் இடத்தில் முதலில் தீர்ந்துபோவது ரேம்தான், பிராசசர் அன்று. ஆகவே 32 ஜிபி இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், ரேம் ஏற்கெனவே பொருத்தப்பட்ட கணினியைப் பேரம் பேசி வாங்குவதே லாபம். எஸ்எஸ்டியை மட்டும் உத்தரவாதத்துடன் புதிதாக வாங்குங்கள்.

கடையில் உங்களுக்கு முதலில் காட்டப்படுவது 'ஐ7' ஒட்டுவில்லையாகத்தான் இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டி, பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்காத ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் கணினிகளை நிறுவனங்கள் கழித்தன. அவற்றைத்தான் தலைமுறையைச் சொல்லாமல் 'ஐ7' என்ற பெயரை மட்டும் சொல்லி விற்கிறார்கள். ஐ7-6700இல் இருப்பது நான்கு கோர்கள்தாம். கோட்டுக்குறிக்குப் பின்வரும் எண்ணைப் பாருங்கள்: 6700 என்றால் ஆறாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 10500 என்றால் பத்தாம் தலைமுறை.

இதைவிடப் பெரிய ஏமாற்று, பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல். பெருநிறுவனங்கள் தங்கள் கணினிகளின் பயாஸைப் பூட்டி வைக்கும். குத்தகை முடிந்து வெளியே வரும்போது அதைத் திறந்துவிட எவரும் மெனக்கெடுவதில்லை. விண்டோஸ் வழக்கம்போல ஓடும் என்பதால் கடையில் குறை தெரியாது. ஆனால் விர்ச்சுவல் மெஷின்களுக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதி உள்ளே அணைக்கப்பட்டிருந்தால், பூட்டைத் திறக்காமல் அதை இயக்க முடியாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இப்படி வாங்கிவிட்டு, 'ஒரு சிப்பை மாற்றினால் சரியாகிவிடும்' என்ற விற்பனையாளரின் பேச்சை நம்பி மூன்று வாரம் அலைந்தார். பணம் கொடுக்கும் முன் கணினியை உங்கள் கையால் இயக்குங்கள். டெல் என்றால் எஃப்2, லெனோவா என்றால் எஃப்1, எச்பி என்றால் எஃப்10 விசையை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேட்காவிட்டால் விர்ச்சுவலைசேஷன் அமைப்புகளான விடி-எக்ஸ், விடி-டி இரண்டையும் இயக்கிச் சேமித்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதை நட்சத்திரக் குறியால் கட்டாயம் சொல்லவைத்த அரசு, பழைய கணினி எத்தனை மணி நேரம் ஓடியது, பூட்டப்பட்டுள்ளதா என்று சொல்லவைக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'ரீஃபர்பிஷ்டு' (புதுப்பிக்கப்பட்டது) என்ற சொல்லை, தூசி தட்டியவரும் ஒட்டுகிறார், பாகங்களைச் சோதித்து மாற்றியவரும் ஒட்டுகிறார்.

நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. 128 ஜிபி ரேமோ, நான்கைந்து பெரிய ஹார்ட் டிஸ்குகளோ உண்மையிலேயே வேண்டும் என்றால் கையடக்கக் கணினி உதவாது. அப்போதும் ரேக் சர்வரை நாடாமல், எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டவர் 5810 போன்ற ஒற்றை ஜியான் பிராசசர் கொண்ட பணிநிலையக் கணினிகளை (ஒர்க்ஸ்டேஷன்) பாருங்கள். ஓசை குறைவு, எட்டு ரேம் துளைகள் உண்டு. அவை ஏற்பது பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் ரெஜிஸ்டர்டு வகை டிடிஆர்4 ரேம். அது மலிவாகக் கிடைத்தாலும் கையடக்கக் கணினிக்கு வாங்கிவிடாதீர்கள்; பொருந்தாது. இந்த ஜியான்களில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் வசதி உள்ளேயே அமைந்திருக்காது; அதற்குத் தனி கார்டு வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு என்பதால், திரையில் படம் வருவதைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். மின்செலவு கையடக்கக் கணினியைவிடப் பல மடங்கு ஆகும். நீங்கள் கேட்டிருக்கும் நான்கைந்து மெஷின்களுக்கு இது தேவையில்லை.

எதை வாங்கினாலும் 'கணினி – 1' என்று மட்டும் எழுதிய சீட்டை ஏற்காமல், மாடலும் சீரியல் எண்ணும் உத்தரவாதக் காலமும் குறித்த ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லுக்குத் தனி விலை சொல்பவரிடம் அந்தக் கணினியையும் வாங்க வேண்டாம்.